வடதுருவப் பள்ளத்தாக்கிற் காற்றின் வலிமை

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. ஆயினும், காற்று எங்கே, எப்பொழுது, எவ்வளவு உண்டென அறியாது தூற்றப் புகுந்தால், பதரும் நெல்லும் பிரியாது கிடப்பதன்றி வேறு பயனில்லை. வடதுருவப் பிரதேசங்களிற் காற்றாலை நிறுவ விழைவோர்க்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்துமென்பது நம் கருத்து.

நார்வே தேசத்துக்குரிய ஸ்வால்பார்டு தீவுகளில், 78 பாகை வட அட்சத்தில், லாங்யியர்பியன் என்னுஞ் சிற்றூர் உளது. ஆங்கு வாழ்வோர் ஏறக்குறைய 2,500 பேர். அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை ஆங்குச் சூரியன் உதிப்பதில்லை. ஊருக்கு ஒளியும் வெப்பமும் அளித்துவந்த நிலக்கரி மின்னிலையம் 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. கப்பலில் வரும் டீசல் எண்ணெய் அதன் இடத்தைப் பெற்றது. மின்சாரம் அற்றால் உயிர்க்கே இடர் நேரும் அவ்வூரார் காற்றின் துணையை நாடுதல் இயல்பேயன்றோ?

ஊரையடுத்த அட்வெந்த்தாலன் என்னும் அகன்ற பள்ளத்தாக்கு, தென்கிழக்கினின்று வடமேற்கு நோக்கிச் சென்று கடற்கழியை அடைகின்றது. குளிர்காலத்தில் உள்நாட்டு நிலமும் பனிமலைகளும் மிகக் குளிர, அவற்றின்மேற் படிந்த காற்றுக் கனத்து, தாழ்விடம் நோக்கி நீர்போல் ஒழுகுகின்றது. மேலே வீசும் பெருங்காற்றும் இருமருங்கு மலைகளால் நெருக்குண்டு பள்ளத்தாக்கின் வழியே திரும்புகின்றது. ஆதலின் குளிர்காலத்தில் ஆங்குத் தென்கிழக்குக் காற்றே மிகுதி. கோடையிலோ, கடற்கழியினின்று வடமேற்குக் காற்று எதிரேறி வருதலும் உண்டு.

துருவம் புயலின் உறைவிடம், எங்கு நிறுத்தினும் சுழலி சுழலும் என்பார் உளராயின், அவர்க்கு நாம் கூறுவது இது: காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி வளர்வது. விநாடிக்கு 5 மீட்டர் வேகம் 6 மீட்டராயின், ஆற்றல் 125-க்கு 216 என்னும் விகிதத்தில் உயரும். வேகத்தில் நேரும் சிறு பிழை ஆற்றலிற் பெரும்பிழையாகும். குளிர்க்காற்றின் ஒழுக்கு நிலத்தையொட்டிய மெல்லிய அடுக்காதலின், தாழ்ந்த கம்பத்தில் மிக்கிருக்கும் வேகம் சுழலியின் உயரத்திற் குறைதலுங் கூடும். கனத்த காற்று மிகுந்த ஆற்றல் தருவது மெய்யே. எனினும் இறக்கைகளிற் படியும் பனிக்கட்டி அவ்வாதாயத்தை விழுங்கிவிடவும் வல்லது.

ஆகவே, கடற்கரைக் கணக்கொன்றையே நம்பாது, பள்ளத்தாக்கின் உள்ளே, பல இடங்களிலும் பல உயரங்களிலும், ஓராண்டுக்குக் குறையாது அளந்தறிந்த பின்னரே கால்நாட்டுதல் தகும். காற்று ஓயும் நாளுக்கு வேறு துணையும் வேண்டும். அளத்தற்காகும் பொருளை வீண்செலவென எண்ணற்க. நான்கு திங்கள் இருளில் நின்றுபோன சுழலியினும் வீணான செலவு பிறிதில்லை. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர், தேசப்படத்தின் சராசரி வேறு, நிலத்தின் இயல்பு வேறு என்பதை உளங்கொள்வாராக.