கோழிக்கு 100 ரூபாய், பறைக்கு எவ்வளவு?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய். ஆட்டுக்கு 4,000. கோழிக்கு 100. சேதமடைந்த குடிசைக்கு 10,000. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்கு 2,000. இந்தத் தொகைகள் போதுமா என்பது தனிச் சண்டை. வெள்ளத்தில் ஊறிப்போன பறைக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

பேரிடர் நிதிக்கான ஒன்றிய அரசின் விதிகளும் இப்படித்தான். கைத்தறி, கைவினைத் தொழிலாளர்கள் இழந்த கருவிக்கு 5,000 ரூபாய், மூலப்பொருளுக்கு 5,000 ரூபாய் தரலாம் என்கின்றன. மீனவரின் படகுக்கும் வலைக்கும் கணக்கு உண்டு. பறை மட்டும் அரசின் கண்ணில் தொழிற்கருவி ஆகவில்லை.

வெள்ளம் பறையை என்ன செய்யும் என்று தெரிந்தால்தான் இதன் வலி புரியும். வளைந்த மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்துச் சட்டம் செய்கிறார்கள். கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டுகிறார்கள். தண்ணீரில் கிடந்தால் பசை விட்டுவிடும், தோல் அழுகும். தப்பிய பறையையும் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினால்தான் ஒலி எழும். வீடே தண்ணீரில் நிற்கும்போது காய்ந்த வைக்கோலுக்கு எங்கே போவது? (ஃபைபர் பறை வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது. அதையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.) குழுவில் இரண்டு பறை போனால் ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி போகும், வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

திட்டக்குடி வட்டாரத்தில் ஆய்வுக்காகப் பறைக் குழுக்களோடு பேசும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்டது கடனைப் பற்றித்தான். அப்பாவின் கையைப் பார்த்தே அடி பழகியவர்கள் அவர்கள். பள்ளியும் இல்லை, சான்றிதழும் இல்லை, அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்கவும் வழியில்லை. மழைக்காலத்தில் கூலி வேலையும் நின்றுபோகும். அப்போது கை நீட்ட இருக்கும் இடம் ஊர்த்தெரு. அங்கே வாங்கிய பணத்துக்கு வட்டி மட்டும் கட்டினால் போதாது. கொடுத்தவர் வீட்டில் சாவு விழுந்தால் போய் அடித்தாக வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்தே வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது.

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வரும். இழிதொழிலாகச் சுமத்தப்பட்டதை நிவாரணம் கொடுத்து ஏன் காப்பாற்ற வேண்டும்? நியாயமான கேள்வி. சாவுக்குப் பறையடிக்க மறுத்துப் போராடிய மண் இது. காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் அந்தப் போராட்டத்தை இந்த மாவட்டத்தில்தான் நடத்தினார். ஆனால் பறையைத் தூக்கி எறிவதா, சாவுக்கு அடிக்க மறுத்து மேடையில் அடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்தக் கலைஞர். கடனில் மூழ்கியவரால் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. யாருக்கும் கடன்படாமல் வரும் பொதுப்பணம் இருந்தால், வேண்டாம் என்றும் அவர் சொல்லலாம்.

குவாத்தமாலாவில் நடந்த ஒன்று இங்கே பொருந்தும். அதித்லான் ஏரிக்கரையில் மாயா பழங்குடிகளின் ஊர்களில், கலைப்பள்ளி வாசலை மிதிக்காத ஓவியர்கள் தலைமுறைகளாக உண்டு. அறுவடை, சந்தை, கல்யாணம் என்று தங்கள் சனங்களின் வாழ்க்கையை வரைந்து பயணிகளிடம் விற்பார்கள். 2005 அக்டோபரில் ஸ்டான் சூறாவளி மழையில், அங்கே சாந்தியாகோ அதித்லானை ஒட்டிய பனபாஹ் கிராமம் மண்சரிவில் புதைந்தது. மீட்க வந்த ராணுவத்தை மக்கள் ஏற்க மறுத்தார்கள். 1990 டிசம்பரில் அதே இடத்தில் ராணுவம் தங்களைச் சுட்டதை அவர்கள் மறக்கவில்லை. மாற்று வீடுகளையும் அரசு முதலில் அதே ஆபத்தான நிலத்திலேயே கட்டத் தொடங்கி, பிறகு கைவிட்டது. ஓவியரின் படங்களை வாங்கினால் போதும் என்று அங்கே யாரும் சொல்லிவிட முடியாது. யார் கையால் உதவி வருகிறது, வீடு எந்த நிலத்தில் நிற்கிறது என்பதெல்லாம் கலையோடு ஒட்டியே வருகின்றன.

நம் சேரிகளும் பள்ளத்தில்தான் இருக்கின்றன. மேட்டு நிலத்தை ஊர் எடுத்துக்கொண்டது, ஓடைக்கரையும் ஏரி வடிகாலும் நமக்கு மிஞ்சின. 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் வீடுகளோடு உயிர்களையும் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டில் மனைப்பட்டா கேட்காமல் பறைக்கு மட்டும் பணம் கேட்டால் அடுத்த கார்த்திகையில் அதுவும் நனையும்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. வாரியத்தில் பதிவு செய்ய வேண்டுமானால், தான் கலைஞர் என்று நிரூபிக்க வேண்டும். சேரிக்கே வந்து முகாம் போட்டு, பறையை அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பதிந்துகொள்வதில் என்ன கஷ்டம்? நிவாரணக் கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலரின் படிவத்தில் இசைக்கருவிக்கு ஒரு கட்டம் சேர்க்க அரசாணை ஒன்று போதும்.

அரசை மட்டும் சொல்லி நாம் நழுவ முடியாது. ஏப்ரல் 14 ஊர்வலத்தின் முன்வரிசையில் பறைதான் போகிறது. ரீல்ஸில் நாம் போடுவதும் அந்த அடியைத்தான். வெள்ளம் வந்தால் அரிசி, பாய், பிஸ்கட் பாக்கெட்டோடு போகிறோம். பறை என்ன ஆச்சு என்று எத்தனை பேர் கேட்டோம்? குழுவுக்குச் சாப்பாடும் பயணச் செலவும் கொடுத்து, கூலியைத் தோழமைக் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் வேறு இருக்கிறது. அடுத்த ஏப்ரலுக்குக் குழு தேடும் தோழர்கள் கூலியை இப்போதே பேசி, பாதியை ஐப்பசி பிறப்பதற்குள் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.