மறுபடியும் ஏறிய எடை

தச்சநல்லூரில் சர்க்கரை நோயாளியின் எடை மறுபடியும் ஏறினால் பழி அல்வாவின்மேல் விழுகிறது. அல்வா என்றோ ஒருநாள், மூன்று வேளையும் வயிற்றை நிறைக்கும் அரிசியை யாரும் குறைசொல்வதில்லை (தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு அது நன்றிகேடு போலும்!). அதனினும் கேடு வெட்கம். கூடிய எடையோடு மருத்துவர்முன் நிற்கக் கூசிப் பரிசோதனையையே தள்ளிப்போடுகிறோம்.

2017இல் வெளியான பிரிட்டனின் ‘டைரக்ட்’ ஆய்வில், நோய் கண்டு ஆறாண்டுக்கு உட்பட்டவர்கள் பங்கேற்றனர். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் மருந்தின்றியே நோய் தணிந்திருந்தது. எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று: எடை திரும்பினால் என்ன செய்வதென்பதையும் அவர்கள் முன்பே வகுத்திருந்தார்கள். சறுக்கல் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி, இங்கே ஒழுக்கக்கேடு. அதனால்தான் திடீர்ப் பட்டினியால் பிராயச்சித்தம் தேடுகிறோம். சில மாத்திரைகளோடு பட்டினி சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வரும்.