வாய்க்குப் பூட்டு, தாளுக்கு மார்க்

அரபு வகுப்பில் பேச்சுத் தேர்வே வேண்டாம், அதற்கு நியாயமாக மார்க் போடவே முடியாது என்று வாதாடும் மைசூர் நண்பருக்கு அவருடைய ஊர்ச் செய்தி ஒன்று. 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் அங்கே மானசகங்கோத்ரியில் இயங்குகிறது. பேச்சுச் சிக்கலோடு வரும் குழந்தையிடம் எந்த ஒலி திருத்தமாக வருகிறது, எது வரவில்லை என்று கேட்டுக் குறிப்பதே அங்கே அன்றாட வேலை. அந்த ஊரில் இருந்துகொண்டு பேச்சை அளக்க முடியாது என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

'எந்த அரபு? ஏட்டில் எழுதும் ஃபுஸ்ஹாவா, தெருவில் பேசும் ஆம்மியாவா?' இது அவருடைய பிரம்மாஸ்திரம். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரையில் அரபு முதன்மை எடுத்துக்காட்டுகளில் ஒன்று. தமிழும் அதில் உண்டு. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்றே வாழும் நம்மிடமா இந்தப் பூச்சாண்டி? இதே மைசூரில் தென்மண்டல மொழி மையம் பிறமொழி ஆசிரியர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறது. இரட்டை வழக்கைக் காரணம் காட்டி யாரும் அங்கே வகுப்பைப் பூட்டவில்லை. எந்த வழக்கில் சோதிக்கப் போகிறோம் என்று பருவத் தொடக்கத்திலேயே மாணவரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

வாய்மொழித் தேர்வு மேற்கத்திய இறக்குமதியாம். அரபு ஆசிரியர் ஒருவர் இதைச் சொல்வதுதான் வேடிக்கை! உஸ்தாத் முன் உட்கார்ந்து குர்ஆன் ஓதிக்காட்டி, எழுத்துக்கு எழுத்து திருத்தம் வாங்கி, இஜாஸா என்ற அனுமதிச் சான்று பெறும் மரபு பல நூற்றாண்டுப் பழையது. நீட்டல் ஒரு மாத்திரை குறைந்தாலும் பிடித்துவிடும் காது, பேச்சுக்கு மட்டும் அடைத்துக்கொள்ளுமா? ஓதுவது வேறு, பேசுவது வேறு என்பார். சரிதான். அப்படியானால் 'என் பள்ளிக்கூடம்' என்று பத்து வரியை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும் பிள்ளைக்கு இப்போது இருக்கும் வாய்மொழி மார்க்கை முழுசாக அள்ளிக் கொடுப்பானேன்? 'நேற்று ஏன் வரவில்லை?' என்று அரபியில் திடீரென்று கேட்டுப் பாருங்கள். தெரிந்துவிடும்.

மிஞ்சுவது ஒரே நியாயமான ஆட்சேபம்: வகுப்பில் 60 பேர், நேரமில்லை. இருவர் இருவராக 30 சோடி, சோடிக்கு 5 நிமிடம் என்றால் 150 நிமிடம். 45 நிமிட வகுப்பில் நான்கு. பருவம் முழுவதிலும் அந்த நான்கு கிடைக்காதா? கைப்பேசியில் பதிந்து இன்னொரு ஆசிரியரையும் மார்க் போடச் சொன்னால், பாரபட்சம் என்ற புகாரும் பெருமளவு அடங்கும். கட்டுரை விடைத்தாளைத் திருத்தும்போது மட்டும் நண்பர் தராசா வைத்திருக்கிறார்?

அவர் சொல்லும் மாற்று, கோடிட்ட இடத்தை நிரப்பும் எழுத்து உரையாடல். அதில் முழு மார்க் வாங்கிய பிள்ளை, ரியாத் விமான நிலையத்தில் அதிகாரி கேள்வி கேட்டால் பேனாவை எடுத்துக்கொண்டு கோடு எங்கே என்று தேடட்டும்.