பாடநூல் உள்நாட்டு அலுவலா?

ஒரு நாட்டின் பள்ளிப் பாடநூலைப் பற்றிப் பிறிதொரு நாட்டின் பாராளுமன்றம் வாய்திறக்கலாமா? திறக்கலாகாது, அது எங்கள் உள்நாட்டு அலுவல் என யப்பானில் ஒரு சாரார் நெடுங்காலமாக முழங்கி வருகின்றனர். உள்நாட்டு அலுவல் என்னும் இச்சொற்றொடர் நம் செவிகளுக்குப் புதிதன்று. கொழும்பிலிருந்து அதனை நாம் கேளாத காலம் எது? ஆதலின் இவ்வழக்கைச் சற்று நிதானித்து ஆராய்வோம்.

2001-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யப்பானியக் கல்வி அமைச்சு, போர்க்காலக் கொடுமைகளை மூடி மெழுகிய புதிய வரலாற்று நூலொன்றைப் பள்ளிகளுக்கு அங்கீகரித்தது. தென்கொரிய அரசாங்கம் இந்நூலிலும் மற்றைய நூல்களிலுமாக 35 இடங்களைச் சுட்டித் திருத்தம் கோரிற்று. யப்பான் இணங்கியது இரண்டுக்கே! அவ்வாண்டு ஜூலையில் கொரியத் தேசிய சபை ஏகமனதாகக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. 2007 ஜூலை 30-ம் திகதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தனது 121-ம் இலக்கத் தீர்மானத்தில், யப்பானியப் படையினரின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் பொருட்டு யப்பான் ஐயத்துக்கிடமின்றி மன்னிப்புக் கோர வேண்டும் என்றதோடு, இன்றைய தலைமுறைக்கும் வருங்காலத் தலைமுறைக்கும் அக்கொடுமையைக் கற்பிக்கவும் வேண்டும் என்றது. அதனைக் கொண்டுவந்த மைக் ஹொண்டா யப்பானிய வம்சாவழியினர். குழந்தைப் பருவத்தில், அந்த வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசாங்கத்தால் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர். அவருடைய வாயை அடைக்க எவராலும் இயலவில்லை.

யாழ்ப்பாணத்து எல்லை வழக்குகளை அறிந்தோர்க்கு இதில் மயக்கம் வேண்டியதில்லை. என் வீட்டுச் சுவருக்கு எந்நிறம் பூசுவது என்பது என் அலுவல். அயலானின் காணியை என் உறுதியில் எழுதிக்கொள்வது என் அலுவலாகுமா? பிறர்க்கிழைத்த தீங்கைத் தன் நூலிலிருந்து அழிப்பவன் அப்பிறரின் உறுதியையே திருத்துகின்றான். கேட்க அவர்க்கு உரித்துண்டு. சீயம் - பர்மா இருப்புப்பாதையில் மடிந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள். அவர்களுக்காகத் தீர்மானம் நிறைவேற்ற எந்தப் பாராளுமன்றம் கூடிற்று? நாடில்லாதோர்க்குக் கேட்பாரில்லை என்பதை இதனினும் தெளிவாக எது உணர்த்தும்?

எனினும் தீர்மானங்களின் வலிமை யாதென்பதையும் பார்க்கவேண்டும். கொரிய சபை கொதித்தெழுந்தும் அந்நூலின் அங்கீகாரம் நீங்கவில்லை. நூலைப் பள்ளிக்குள் நுழையவிடாது தடுத்தவர்கள் யப்பானியப் பெற்றோரும் ஆசிரியருமே. மாவட்டந்தோறும் அவர்கள் கிளர்ந்தமையால், அடுத்த ஆண்டு அந்நூலைக் கைக்கொண்ட மாணவர் ஆயிரத்துக்கு ஒருவர்தானும் இலர்.

அவர்கட்கு முன்னோடி வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ. தாம் எழுதிய பாடநூலில் அமைச்சு கைவைத்ததை எதிர்த்து 1965-ல் அவர் வழக்குத் தொடுத்தார். மூன்று வழக்குகள், முப்பத்திரண்டு ஆண்டுகள்! 1970-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர்க்குச் சார்பாக வழங்கிய தீர்ப்பு மேல்மன்றங்களில் நிலைக்கவில்லை. மனிதர் சோரவில்லை. சீனத்தில் உயிருள்ள மாந்தரை ஆய்வுப் பொருளாக்கிய 731-ம் படைப்பிரிவு பற்றிய பகுதியை அமைச்சு நீக்கச் செய்தது சட்டவிரோதம் என 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தணிக்கை முறை அரசியலமைப்புக்கு மாறானதன்று என்றும் அதே மன்றம் கூறியமை கசப்பான செய்திதான். ஆயினும் ஓராசிரியர் அரசாங்கத்தின் பேனாவைச் சட்டத்தின் முன் நிறுத்தினார்.

யப்பானைத் திருத்தப் புறப்பட்ட கொரியா செய்ததென்ன? 2015-ல் அதன் அரசாங்கம் தன் பள்ளிகட்கெல்லாம் அரசே எழுதும் ஒரே வரலாற்று நூல் என விதித்தது. மாணவரும் பேராசிரியரும் வீதிக்கு வந்தனர். 2017-ல் வந்த புதிய அரசாங்கம் அதனைக் கைவிட்டது. பிறர்க்குப் புகட்டும் மருந்தைத் தாம் அருந்த ஆட்சியாளர் எங்கும் விரும்புவதில்லை போலும்.

இங்கோ நம் பிள்ளைகள் கையில் வரலாற்றுப் பாடநூலைத் தருவது அரசாங்கம். அதில் தமிழர் வரலாறு சில பக்கங்களுக்குள் ஒடுங்கிவிடுகின்றதென நம் ஆசிரியர்கள் நெடுங்காலமாக முறையிடுகின்றனர். முறையீடுகள் கோவைகளில் உறங்குகின்றன. வெளிநாட்டுப் பாராளுமன்றமொன்று நமக்காகவும் ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும், வரவேற்போம். அதற்காகக் கைகட்டிக் காத்திருக்க நாம் ஆயத்தமாயில்லை. தமிழ் உறுப்பினர்கள், நூலின் வரைவு அச்சேறுமுன் பகிரங்கமாக வைக்கப்படவேண்டும், தமிழ் நூலைத் தமிழறிஞரே எழுதவேண்டும் எனச் சபையில் கோரட்டும். அரசாங்கம் மறுக்குமாயின் அரசியலமைப்பின் 126-ம் உறுப்புரை இருக்கின்றது. இயெனாகாவுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன; நமக்கோ உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும். பெற்றோர் ஒருவரோ ஆசிரியர் ஒருவரோ பெயர் கொடுக்க முன்வந்தால், மனுவை வரைந்து மன்றில் வாதாட நாம் வருவோம்.