ஓய்வுபெற்ற அதிகாரி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

ஜெர்மன் டிவியில் ஒரு கொலை வழக்கு பரபரப்பானால் போதும், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து கருத்துச் சொல்வார். தமிழ் சேனல்களிலும் இதே கதைதான். 'எத்தனை கேஸ் பார்த்தவர், அவருக்குத் தெரியாதா' என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

மியூனிக் கொலை விசாரணைப் பிரிவின் தலைவராக இருந்த யோசஃப் வில்ஃப்லிங் அப்படிப்பட்ட பெரிய பெயர். நடிகர் வால்டர் செடல்மயர் கொலை (1990), ஆடை வடிவமைப்பாளர் ருடோல்ஃப் மோஷாமர் கொலை (2005) ஆகியவற்றின் விசாரணையில் புகழ் பெற்றவர். 2009-ல் ஓய்வு பெற்ற பிறகு புத்தகங்கள், டிவி பேட்டிகள். திறமைசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டில் வாழும் நாம் பார்க்க வேண்டியது அவர் கையில் துலங்காமல் போன ஒரு வழக்கை.

2001 ஆகஸ்ட் 29 அன்று மியூனிக்கின் ராமர்ஸ்டார்ஃப் பகுதியில், ஹபில் கிலிச் என்ற துருக்கியர் தன் காய்கறிக் கடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நம்ம ஆட்கள் நடத்துகிற மாதிரி ஒரு சின்னக் குடும்பக் கடை. வில்ஃப்லிங் விசாரித்த வழக்கு இது. அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த இரண்டு பேரைச் சிலர் பார்த்திருந்தார்கள். போலீஸ் அவர்களைச் சாட்சிகளாகத் தேடியதே தவிர, சந்தேக நபர்களாக அல்ல. விசாரணை போதைமருந்து, மாஃபியா என்ற பக்கம் போனது. கணவனை இழந்த பெண்ணையே சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். கொன்றது என்எஸ்யூ என்ற நவ நாஜிக் கும்பல் என்பது 2011 நவம்பரில்தான் வெளியே வந்தது. 2000 முதல் 2007 வரை அவர்கள் கொன்றது 10 பேரை. அதில் 9 பேர் வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்கள்.

2013-ல் மியூனிக் நீதிமன்றத்தில் வில்ஃப்லிங் சாட்சியாக வந்தார். ஏன் போதைமருந்துக் கோணம் என்று கேட்டபோது, துருக்கிய போதை மாஃபியா என்று ஒன்று இல்லவே இல்லாத மாதிரி பேச வேண்டாம் என்ற பொருளில் பதில் சொன்னார். மாஃபியா இருக்கலாங்க. இந்தக் காய்கறிக் கடைக்காரருக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததற்கு என்ன ஆதாரம் என்பதல்லவா கேள்வி?

அப்போது யாருக்குமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. மியூனிக் போலீஸிலேயே அலெக்ஸாண்டர் ஹோர்னின் குழு 2006-ல், துருக்கியர் மீதான வெறுப்பு காரணமாக இருக்கலாம் என்று எழுதியது. அதே ஆண்டு மே மாதம் காஸல் நகரில், பத்தாவது உயிர் போகக்கூடாது என்று பலியானவர்களின் குடும்பங்களோடு ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். ஆனால் 2007-ல் பாடன் வூர்ட்டம்பர்க் மாநில நிபுணர்கள் எழுதிய அறிக்கையோ, கொலையாளி 'நம்' பண்பாட்டு நெறிகளுக்கு வெளியே இருப்பவன் என்றது. அதை எழுதியவர்களும் அனுபவசாலிகள்தான்!

டிவியில் பேசுகிறவரின் பெயருக்குக் கீழே 'முன்னாள் தலைவர்' என்று போடுகிறார்கள். அந்த வழக்கின் கோப்பை அவர் படித்தாரா, இல்லை நம்மைப் போலச் செய்தித்தாளில் பார்த்ததை வைத்துப் பேசுகிறாரா என்பதையும் சேர்த்துப் போடட்டும். தமிழ் சேனல்களுக்கும் இதையே சொல்வேன்.