பருத்திமார் தெரிந்த கண்ணுக்கு உஸ்பெகிஸ்தான்

மத்திய ஆசியா நமக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. கஜகஸ்தானுக்கு இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமலே போய்வரலாம் என்று 2022-இல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். உஸ்பெகிஸ்தானுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே இ-விசா எடுக்கலாம். கிர்கிஸ்தானில் எம்.பி.பி.எஸ். படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்க் குடும்பங்களும் பெருகிவிட்டன. போய்வந்தவர்களின் கட்டுரைகளுக்கும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் பத்தைப் பார்த்தால் பத்தும் ஒரே மாதிரி: சமர்கண்டின் நீலக் குவிமாடம், அல்மாட்டியின் பனி, டாக்சிக்காரர் கேட்ட கட்டணம், சைவச் சாப்பாடு கிடைக்காத புலம்பல். பனவடலிசத்திரத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு என்ன கிடைக்கும்? தன் மண்ணைத் தெரிந்த கண்ணோடு பார்த்து எழுதும் பயணியே அவருக்கு உதவுவார். கரிசல்காட்டுப் பருத்தியைத் தெரிந்த சங்கரன்கோவில் வட்டாரத்துக்காரர் உஸ்பெகிஸ்தானில் முதலில் பார்க்கவேண்டியது குவிமாடத்தை அல்ல, பருத்தியை.

அதைத் தேடி அலையவும் வேண்டாம். தேநீர் ஊற்றித் தரும் நீலக் கிண்ணத்திலேயே வெடித்த பருத்திக்காய் வரைந்திருக்கும். நாட்டின் அரசுச் சின்னத்தில் பருத்தி இருக்கிறது. தாஷ்கண்ட் மெட்ரோவில் ஒரு நிலையத்துக்கே 'பருத்தி விவசாயி' என்றுதான் பெயர். கிராமங்களில் குளிர்காலத்துக்கு எரிக்கப் பருத்திமாரை வீட்டோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். கரிசல்காட்டில் வளர்ந்தவருக்கு அதைப் பார்த்ததும் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வேறுபாடும் உடனே உறைக்கும். நம் மானாவாரிப் பருத்தி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. அங்கே மழையை நம்பிப் பருத்தி போட முடியாது. அமு தரியா, சிர் தரியா ஆறுகளிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரில்தான் பயிர். காலங்காலமாகப் பாய்ச்சியதில் நிலத்தடி உப்பு மேலே ஏறிவிட்டது. ஆகவே, கொரேசம் பக்கத்தில் விதைப்புக்கு முன்னால் வயலில் தண்ணீர் கட்டி உப்பைக் கழுவுகிறார்கள். காய்ந்த வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருக்கும் அந்த உப்பை உறைபனி என்று நினைத்துப் படமெடுத்துப் போகிறவர்களும் இருக்கக்கூடும்.

இந்தப் பருத்திக்குக் கொடுத்த விலை ஒரு கடல். 1960 வாக்கில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடலுக்கு வரவேண்டிய ஆற்றுநீர் வயல்களுக்குத் திரும்பியது. மீன் பதப்படுத்தும் ஆலையோடு துறைமுகமாக இருந்த மொய்னாக்கில் இன்று துருப்பிடித்த கப்பல்கள் மணலில் நிற்கின்றன; தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. சோவியத் காலத்தில் அரசு விருந்தினர்களாகப் போனவர்களுக்குக் காட்டப்பட்டது 'வெள்ளைத் தங்க'த்தின் பெருமை. அந்தப் பெருமையின் கணக்கே பொய் என்பது 1980-களில் அம்பலமானது: உஸ்பெக் சோவியத் குடியரசின் தலைமையில் ஷரஃப் ரஷீதோவ் இருந்த காலத்தில், விளையாத பருத்தியை லட்சக்கணக்கான டன் விளைந்ததாக எழுதி மாஸ்கோவிடம் பணம் பெற்றிருந்தார்கள். கூட்டிப்போனவர் காட்டியதை மட்டும் பார்த்துத் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இன்றைய சுற்றுலா ஏற்பாட்டாளரும் ஒரு வகையில் கூட்டிப்போகிறவர்தான்.

விடுமுறைக்குப் போகிறவனிடம் வேளாண் ஆய்வா கேட்பது என்பார்கள். ஆய்வு வேண்டாம். வாய்க்கால் எங்கிருந்து வருகிறது, பருத்தியை யார் எடுக்கிறார்கள் என்று வண்டி ஓட்டுகிறவரிடம் கேட்டால் போதும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தக் கேள்விக்கு, ஆசிரியர்களும் மருத்துவர்களும் மாணவர்களும் கட்டாயமாக வயலுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதே விடை. விருந்தாளியாகப் போய்க் குறை சொல்லலாமா என்பது இன்னொரு மறுப்பு. இதில் ஓரளவு நியாயம் உண்டு; ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்க்கும் நாம் அவர்களுக்குப் பாடம் நடத்த முடியாது. ஆனால் குறையைப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் மாற்றமும் தெரியும். 2005-இல் கஜகஸ்தான் கட்டிமுடித்த கோகரல் அணையால் வட ஆரலில் தண்ணீர் ஏறி மீன்பிடிப்பு திரும்பியிருக்கிறது. 2020-இல் உஸ்பெகிஸ்தான் பருத்திக்கு அரசு விதித்த கட்டாய உற்பத்தி இலக்கை நீக்கியது. அமைப்பு ரீதியான கட்டாய உழைப்பு 2021 அறுவடையில் இல்லை என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு அறிவித்தது. குவிமாடக் காணொளிகளில் இந்த நல்ல சேதியும் இல்லை.

தன் ஊரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது குறுகிய பார்வை என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உஸ்பெகிஸ்தான் பருத்தியைப் பொதியாக ஏற்றுமதி செய்வதை விட்டுவிட்டு, உள்நாட்டிலேயே நூலாக நூற்று விற்கிறது. அந்த நூல் உலகச் சந்தையில் நிற்பது இந்திய நூலுக்குப் பக்கத்தில். இராஜபாளையம் நூற்பாலைக்கு வேலைக்குப் போகிற ஒருவருக்கு, சமர்கண்டின் ரெகிஸ்தான் சதுக்கம் எத்தனை அழகு என்பதைவிட ஃபெர்கானா பள்ளத்தாக்கில் புதிதாக எத்தனை ஆலை எழுந்திருக்கிறது என்பது முக்கியமான சேதி. போகிற வழியில் அவற்றையும் கொஞ்சம் படம் எடுத்து வரலாம்.