வெங்காயத்திற்கு ஒரு புதிய தராசு

அண்மையில் தணிக்கைக்காகச் சங்கம் ஒன்றிற்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் அச்சிட்ட தாளொன்றை நம்மிடம் நீட்டினார். அவருடைய சின்ன வெங்காயத்தில் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ சக்தி குறைவு என்று சொல்லி, வாங்க வந்தவர் விலையை இறக்கிவிட்டாராம். தாளில் ஓர் எண் இருந்தது. அஃது எந்த அளவையில் என்பது மட்டும் இல்லை. கிலோவா, குவிண்டாலா என்று குறிக்காத இருப்புக் கணக்கை நாம் ஒப்புவதில்லை. இதை மட்டும் எங்ஙனம் ஒப்புவது?

நீலச் சாயத் தொட்டியைக் கண்ட நெசவாளருக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். தொட்டியில் நீலம் தன் நிறமிழந்து மஞ்சள் கலந்த பச்சையாய்க் கரைந்து நிற்கும். நூலை வெளியே எடுத்ததும் காற்றின் பிராணவாயு பட்டு மீண்டும் நீலமாகும். நடப்பது எலெக்ட்ரான்களின் கொடுக்கல் வாங்கலே. கடலெண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் பிராணவாயுவின் வேலைதான். தம்முடைய எலெக்ட்ரான்களை முந்திக் கொடுத்து மற்றப் பொருளைக் காப்பவையே இத்தடுப்புப் பொருள்கள். வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் அவற்றுள் ஒன்று. உள்ளிதழைவிடப் புறத்தோலில் அது மிகுதி. களத்தில் நாம் தூற்றி எறியும் சருகும் வெறும் குப்பையன்று!

இதனை அளக்கும் மின் இரசாயன உணர்கருவியில், சாற்றுக்குள் மின்முனைகளை அமிழ்த்தி மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவர். ஓரிடத்தில் அப்பொருள் எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்க, மின்னோட்டம் எழும். குறைந்த அழுத்தத்திலேயே எழுந்தால் கொடுக்கும் இயல்பு மிகுந்த பொருள் என்றும், ஓட்டம் பெரிதானால் அதன் அளவு மிகுதி என்றும் கொள்வர். 1922-இல் ஹெய்ரோவ்ஸ்கி கண்டு, 1959-இல் நோபல் பரிசு பெற்ற முறையின் வழிவந்தது இது. நம் வீடுகளிலுள்ள குளுக்கோமீட்டரும் இவ்வினத்ததே. இத்துறைக்கென்றே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பெற்றது.

கருவி பொய்யன்று. ஆனால் சாற்றைத் தண்ணீரில் எடுத்தால் ஓர் எண், சாராயத்தில் எடுத்தால் வேறோர் எண். மின்முனை மாறினாலும், புளிப்பு மாறினாலும் எண் மாறும். ஊருக்கொரு படியும் மரக்காலும் இருந்த காலத்தில் அளப்பவன் கையே ஓங்கியிருந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இப்புதிய தராசுக்கு வணிகத்தில் அத்தகைய பொதுப்படி இன்னும் அமையவில்லை. மேலும், மின்முனையில் எழும் ஓட்டம் உண்பவர் உடம்பில் விளையும் நன்மைக்குச் சான்றாகாது. இத்தகைய எண்களை விளம்பரக்காரர் தவறாகக் கையாண்டமையால், அமெரிக்க வேளாண்மைத் துறை தான் வெளியிட்ட ‘ஓராக்’ பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது: அளவையும் முறையும் குறிக்காத தாளைக் காட்டி விலை குறைப்பதற்கு எந்தச் சங்கமும் இணங்கலாகாது. கருவியைத் தனிச் சங்கம் வாங்குவதும் வீண் செலவே. பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சங்கங்கள் சேர்ந்து, ஒரே குவியலிலிருந்து இரு மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஒன்றை வாங்குபவரிடம் தந்து மற்றொன்றைத் தாமே ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம். அடுத்த அறுவடைக்கு முன் கூடும் மகாசபையில் இதற்குரிய தீர்மானத்தைக் கொண்டுவர அங்கத்தினர்கள் இப்பொழுதே எழுதிக் கொடுக்கட்டும்.